ஆரஞ்சுப் பஞ்சுக்குள் வந்த குரல்

என் காதுக்குள் எதுவும் நிற்காது. பட்டாணி மாதிரி உள்ளே செருகிக்கொள்கிற இயர்போனைப் போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்தால், நாலு மிதி மிதிப்பதற்குள் அது நழுவித் தறிக்குழிக்குள் விழும். குழிக்குள் என் கால்கள் இருக்கும், மிதிப்பலகை இருக்கும், எப்போதோ தொலைந்த கொண்டை ஊசிகள் இருக்கும். குனிந்து தேடி எடுத்து மறுபடி செருகுவதற்குள் பாட்டு முடிந்துபோயிருக்கும். காதையே முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போனையும் ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கம்மல் திருகு காதுக்குப் பின்னால் குத்தியது. அதைவிட மோசம், ஊடு இழையை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. நாடா சத்தம் கேட்காமல் நெய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது மாதிரி. கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், எங்கே இழை அறுந்தது என்பது முழம் நெய்து முடித்த பிறகுதான் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் பேருந்து நிலையத்துக்கு எதிரில், போனுக்கு உறை போடுகிற கடையில், அந்த ஹெட்போன் என் கண்ணில் பட்டது. மெல்லிசான இரும்புப் பட்டை. இரண்டு முனையிலும் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு. அந்தக் காலத்தில் இடுப்பில் டேப் மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகள் தலையில் இருந்தது போலவே இருந்தது. விலையும் என் மாதிரி ஆள் யோசிக்காமல் வாங்குகிற விலை.

கடைக்காரத் தம்பி, "பாக்கத்தாங்க்கா இது கெழவன். உள்ள சின்னப் பையன். ஒயரே இல்ல, புளூடூத்து" என்றார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேரம் பேச நாக்கு வராது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தறியில் இருந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமே, ஆரஞ்சுப் பழத்த ரெண்டா நறுக்கி காதுல வெச்சிகினு வந்துகீற?"

"உங்களுக்குப் பொறாம."

"எனக்கா? நான் அந்தக் காலத்துலயே போட்டவன்."

போட்டவர்தான், அதில் பொய்யில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படம் இன்னமும் பீரோவில் இருக்கிறது. தலையில் இதே மாதிரி ஹெட்போன், முகத்தில் ஏதோ உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கிற மயக்கம், ஒயர் சட்டைப் பைக்குள் போகிறது. பெண் பார்க்க வந்தபோது அந்தப் படத்தைக் காட்டித்தான் 'பையன் பாட்டு கேப்பான்' என்றார்கள். பையில் என்ன இருந்தது என்று கல்யாணம் ஆன பிறகு கேட்டேன். "தீப்பெட்டி" என்றார். ஒயர் வெளியே வந்துவிடாமல் இருக்க ஸ்டுடியோக்காரர் அதன் நுனியைத் தீப்பெட்டியில் சுற்றி வைத்திருந்தாராம்.

என்னுடையதில் தீப்பெட்டி இல்லை, நிஜமாகவே பாடியது. காதின் மேல் உட்காரும், உள்ளே நுழையாது. எண்ணெய் தடவிய தலையிலும் வழுக்காது, பூ வைத்திருந்தாலும் நசுக்காது. பஞ்சு மெல்லிசு என்பதால் பாட்டும் கேட்கும், நாடா போய்வருவதும் கேட்கும், தெருவில் கீரைக்காரம்மா கூவுவதும் கேட்கும். ஒரே பாயில் எல்லாரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்ட மாதிரி. மாமியார் வீட்டில் இருக்கிற புது மருமகள் மாதிரி, கூப்பிட்ட குரலுக்கு எழுந்துகொள்ளத் தோதாக அரை உட்காரல் உட்கார்ந்திருக்கும் என் காதில்.

நாங்கள் இருப்பது சேவூர்ப் பக்கம். வரிசை வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் அவர்கள் தறி, இந்தப் பக்கம் எங்கள் தறி. எல்லாத் தறியும் ஓடுகிற நேரத்தில் வாசலில் ஒரு பிள்ளை 'மா' என்று கூப்பிட்டால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று குரலை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் எங்கள் வரிசையில் ஒரு வழக்கம். முதலில் காதில் வாங்கியவள் 'தோ, இன்னா' என்று பதில் கொடுத்துவிட வேண்டும். யார் பெற்றது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என் மகளும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் மகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, சுவர் கொடுத்த தங்கச்சி. என் மகளுக்கு அவள் சோறு போடுவாள், அவள் மகளுக்கு நான் தலை பின்னுவேன். இரண்டு பெண்களும் பேச்சிலும் ஒன்றுபோலவே ஆகிவிட்டார்கள். வார்த்தையின் கடைசியை இழுத்துக் கொஞ்சம் மூக்கால் விடுவார்கள். இப்போது என் மகளைப் போளூரில் கொடுத்திருக்கிறோம். தங்கச்சி மகளைப் பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருக்கிறார்கள்.

ஹெட்போன் வந்த வாரமே வரிசை முழுக்கச் சுற்றிவிட்டு வந்தது. ஆளாளுக்குப் போட்டுப் பார்த்துக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டார்கள். தங்கச்சி ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாள். போனில் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கிற அவள் வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அவ போனோட சேத்து வுட்டேங்க்கா, சும்மா சொல்லக் கூடாது, ஜல்தியா புடிச்சிக்குது" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஆணியில் மாட்டிவிட்டேன்.

அது தீபாவளிக்கு முந்தைய வேலை மும்முரம். அன்று காலை என் வீட்டுக்காரர் நெய்து அறுத்த சேலையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். நான் ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். உள்ளே இருக்கிற பெண் வழக்கம்போல இங்கிலீஷில் ஒன்றைச் சொன்னாள். பாட்டு வரவில்லை. போன் மாடத்தில் சார்ஜில் கிடந்தது. காலைக் குழிக்குள் விட்டாகிவிட்டது, இனி எழுந்து போய் வருவது பெரும்பாடு. சரி, பாட்டு வந்தால் வரட்டும் என்று அப்படியே நெய்ய ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் இரண்டு காதுக்கும் நடுவில் ஒரு பெண் பேசினாள்.

"ம்மா... நான்தாம்மா. இங்க என்னால இருக்க முடியலம்மா. அடிக்கல, திட்டல, யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா முடியல. ஊட்டுக்கு வந்துடட்டுமா? அப்பாவக் கேக்காத, நீ சொல்லு. வான்னா வரேன். வேணான்னா இங்கயே இருந்துக்கறேன், அதுக்கப்பால கேக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லும்மா."

கை தானாக இன்னும் கொஞ்சம் நெய்தது. பிறகு நின்றுபோனது.

அழுகிறவள் குரல் இல்லை அது. அழுது முடித்தவள் குரல். அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று வாயைப் போனோடு ஒட்டிவைத்துப் பேசியிருந்தாள். நான் மூச்சை விடுவதற்குள் மறுபடி, "ம்மா... நான்தாம்மா" என்றது. அறுந்தது. திரும்ப, "ம்மா... நான்தா—". அறுந்தது. திரும்ப முதலில் இருந்து கடைசிவரை, அதே வார்த்தைகள், அதே மூச்சு. திரும்பத் திரும்பக் கேட்கிறாளே, நான் பதில் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறாள். "சொல்றேண்டி, இருடி" என்று வெறும் தறியைப் பார்த்துச் சொன்னேன்.

குழியில் இருந்து ஏறி மாடத்துக்கு ஓடினேன். போனில் ஒன்றுமே இல்லை. மகளிடமிருந்து கடைசியாக வந்தது பேரன் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிற படம். அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. அனுப்பிவிட்டு அழித்துவிட்டாளோ? அழித்ததை எப்படி நான் கேட்டேன்? போனுக்கு வராமல் காதுக்கு மட்டும் வருமா? அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். சட்டியை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற மகளின் பாதி முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிக்கிற மாதிரியும் இருந்தது. சிரிக்காத மாதிரியும் இருந்தது.

கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பேசிப் பதிகிற பொத்தானை அமுக்கிக்கொண்டு, "வந்துடுடி. யார் இன்னா சொன்னாலும் வந்துடு. அந்த ஊட்ல ஒரு நிமிஷம் கூட இருக்க வேணாம். நான் கீறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வந்தபோது நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். ஓடுகிற நேரத்தில் தறி ஓடாமல் இருப்பதைத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டார் போல, செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னாச்சி?" என்றார். சொன்னேன். அப்பாவைக் கேட்காதே என்றதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"போன்ல வந்துதா?"

"போன்ல இல்ல. காதுல வந்துது."

"போன்ல இல்லாதது காதுக்கு எப்படிமே வரும்? நடுவுல எங்க இருந்துது?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"கொரல் அவளதா?"

பெற்ற மகள் குரல் தெரியாதா என்று நீங்களும் கேட்பீர்கள். தெரியும் என்றுதான் நானும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கால் விட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் அது அழுததால் அடைத்த மூக்கோ என்னவோ. பக்கத்தில் தறிச் சத்தம் வேறு. யோசிக்க யோசிக்க அந்தக் குரல் தண்ணீரில் விட்ட சாயம் மாதிரி கலைந்துகொண்டே போனது.

"எதனா நாடகமா இருக்கும். ரேடியோ எடுத்திருக்கும் அது" என்றார்.

"நாடகத்துல எவளாவது சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாளா?"

"எல்லா நாடகத்துலயும் அதானே பண்றாளுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் ஹெட்போனை வாங்கிப் பஞ்சை அமுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. தீப்பெட்டிதான்" என்று ஆணியில் மாட்டினார். பிறகு, "நீ இன்னா பதில் சொன்ன?" என்று கேட்டார்.

"வந்துடுன்னு சொன்னேன்."

அவர் உள் அறைக்குப் போனார். கட்டில் மேல் கிடந்த பட்டு நூல் மூட்டையையும் தறியில் இருந்து கழற்றிப் போட்ட பழைய விழுதுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார்.

"இப்ப எதுக்கு அது?"

"வர்றவ எங்க படுப்பா?" என்றார், என்னைப் பார்க்காமலேயே.

சாப்பாட்டு நேரத்தில் மகள் கூப்பிட்டாள். எடுத்ததும் நான் "டீ" என்பதற்குள், "யம்மா, உனக்கு இன்னா ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றாள்.

"நீதான கேட்ட, வரட்டுமான்னு?"

"நான் எப்ப கேட்டேன்? நான் மாடில துணி காயப் போட்டுகினு இருந்தேன். வந்து பாத்தா உன் வாய்ஸ். ஸ்பீக்கர்ல போட்டுட்டேம்மா! அத்தையாண்ட ஒக்காந்துகினு போட்டுட்டேன்! அந்த ஊட்ல ஒரு நிமிஷம் கூட இருக்க வேணாம்னு நீ கத்தற, அவங்க கையில கீரை ஆய்ஞ்சிகினு என்னப் பாக்கறாங்க!"

என் காலடியில் தறிக்குழி இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டப்பட்டது போல இருந்தது. "நெஜமா நீ ஒண்ணும் சொல்லலியா? சத்தியமா? பக்கத்துல ஆள் கீறதால சொல்றியா? ஆமான்னா ரெண்டு தபா இருமு" என்றேன்.

"ஸ்பீக்கர்லதாம்மா கீற இப்பவும்."

அப்புறம் சம்பந்தியம்மாவே போனை வாங்கிக்கொண்டார். "இன்னா சம்மந்தி, என் மருமவளக் கூட்டிகினு போறீங்களாமே? தாராளமா கூட்டிகினு போங்க. ஆனா பேரப் புள்ளையையும் சேத்துக் கூட்டிகினு போவணும். சட்டி பான ஒண்ணு ஊட்ல வெக்க வுடல. ஒரு வாரம் நான் நிம்மதியா தூங்கறேன்."

"ஐயோ சம்மந்தி, காதுல ஒரு கொரல் கேட்டுச்சி, அதான்..."

"காதுல கொரல் கேக்குதா? அப்ப முதல்ல உங்களத்தான் யாராவது எங்கனா கூட்டிகினு போவணும்" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனுஷி. வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பத்து வருஷம் பேசியிருப்பாள்.

போனை வைத்த பிறகு ஒரு கணம் மனசு லேசானது. அடுத்த கணம் முன்னைவிடப் பாரமாகிவிட்டது. என் மகள் இல்லை, சரி. அப்படியானால் அவள் யார்? எங்கேயோ ஒருத்தி வாயைப் போனோடு ஒட்டிவைத்து, வரட்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் சொல்லு என்றிருக்கிறாள். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வாள், அதற்குப் பிறகு எப்போதும் கேட்கவே மாட்டாள். அதைக் கேட்ட காது உலகத்திலேயே என்னுடையது ஒன்றுதான். வந்துடு என்றும் சொல்லியாகிவிட்டது, ஆனால் கேட்டவளுக்கு இல்லை. வாசலில் 'மா' என்று கூப்பிட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்து பார்த்தால் தெருவே காலியாகக் கிடந்தது மாதிரி இருந்தது.

தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே வரிசையில் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் போய் வந்தேன். பெண்ணைக் கட்டிக் கொடுக்காத வீடு எது? எல்லா வீட்டிலும் ஒரு பெண் எங்கேயோ இருக்கிறாள். எந்த வாசலில் போய், உன் மகள் நன்றாக இருக்கிறாளா என்று கேட்பது? கேட்டால் சும்மா இருப்பார்களா, ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

வெயில் தாழ ஆரம்பித்த நேரத்தில் தங்கச்சி வந்தாள், கையில் போனை வைத்து உதறிக்கொண்டே. பின்னாலேயே அவள் வீட்டுக்காரரும் வந்தார். என் வீட்டுக்காரர் தறியில் இருந்தார்.

"யக்கா, உன் போன்ல சத்தம் வருதா? என் போன் காலையில இருந்து ஊமையாப் பூடுச்சிக்கா. பாப்பா எதோ பேசி அனுப்பிச்சிகீது, அமுக்கி அமுக்கிப் பாக்கறேன், கோடு மட்டும் ஓடுது, சத்தத்தக் காணோம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். புரியவில்லை. காலையில் நான் கேட்டதும் அவள் கேட்காததும் தனித்தனியாக என் முன்னால் கொஞ்ச நேரம் நின்றன. அவள் "அமுக்கி அமுக்கி" என்றபோதுதான், அந்த 'நான்தாம்மா, நான்தாம்மா' எல்லாம் என் பக்கமாகத் திரும்பின. 'சேத்து வுட்டேங்க்கா, ஜல்தியா புடிச்சிக்குது' என்று அவள் வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போனை அமுக்க, இந்தப் பக்கம் என் காதில் பாடியிருக்கிறது. என் மகள் சாயலில் என்னை அம்மா என்றது என் கையால் தலை பின்னிக்கொண்ட அவள் மகள்தான்.

"கால் பண்ணி இன்னான்னு கேட்டியா?" என்றேன்.

"வேல இல்லாம எதனா பேசி அனுப்பும். ஊட்டுக்கு ஒறம்பரை யார்னா வந்திருப்பாங்க. ராத்திரிக்கா பேசிக்கலாம்னு வுட்டுட்டேன்."

அவள் வீட்டுக்காரர் கையை நீட்டினார். "குடுமே இப்படி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடும். நானே போட்டுக் காட்டறேன், அப்படி இன்னாதான் பேசிகீதுன்னு பாக்கலாம்."

ஆணியைப் பார்த்தேன். ஹெட்போனில் சின்ன நீல விளக்கு இன்னமும் மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் போனை அணைத்துப் போட்டால் இந்த இழை அறுந்துவிடும். அப்புறம் அந்தப் பெண் எங்கள் எல்லார் நடுவிலும் வாய்விட்டுப் பேசுவாள். அப்பாவைக் கேட்காதே என்று அப்பாவின் கையில் இருந்தே சொல்லுவாள்.

"இரு தம்பி, இரு இரு" என்று எழுந்தேன். எழுந்த வேகத்தில் செம்பு உருண்டது. ஆணியில் இருந்து ஹெட்போனை எடுத்துத் தங்கச்சியின் தலையில் கவிழ்த்தேன், பூவோடு சேர்த்து.

"இன்னாக்கா இது?"

"போன் நல்லாத்தான் கீது. சத்தம் இதுக்குள்ள போயிடுச்சி. இப்ப அமுக்கு."

"அப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி பண்ணிக்கலாமேக்கா, ஒரு பட்டன்தான்" என்று அவள் வீட்டுக்காரர் கிட்டே வந்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் தறியில் இருந்து எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "வாய்யா, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். தல வலிக்குது" என்று தங்கச்சி வீட்டுக்காரரின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் டீ குடிக்கிற மனுஷர் இல்லை அவர். என்ன புரிந்து எழுந்தார், எவ்வளவு புரிந்தது, இன்றுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தங்கச்சி அமுக்கினாள். நான் உருண்ட செம்பை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை அந்த முகத்தில். மளிகைக் கடையில் சில்லறைக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள். முடிந்ததும் மறுபடி அமுக்கிக் கேட்டாள். பிறகு இரண்டு பஞ்சையும் உள்ளங்கையால் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு இன்னொரு தரம் கேட்டாள்.

"நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

"ம்."

"காலையில இது உன் தலையிலதான இருந்துதுக்கா?"

"தறி ஓடற சத்தத்துல இன்னா கேக்கும்?" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா, நன்றியா, வெட்கமா, எனக்குப் பிடிபடவில்லை. தலையில் ஹெட்போனோடு அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் தறி ஓடவில்லை, பாத்திரம் புரளவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ? ஊர் என்ன சொல்லும், வீட்டுக்காரர் என்ன சொல்லுவார் என்று யோசிக்கிறாளோ? யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டதே, பிறகென்ன, பொறுத்துக்கொள் என்பாளோ? நான் அவள் இடத்தில் இருந்தபோது யோசிக்காமல் வா என்றேன். யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெளிவில்லை.

காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறவர்களுக்குத் தங்கள் சத்தம் எவ்வளவு என்று தெரியாது. திடீரென்று சுவரே அதிர்கிற மாதிரி தங்கச்சியின் குரல் வந்தது.

"வா! இப்பவே கெளம்பு! அப்பாவ நான் பாத்துக்கறேன்! இன்னா ஏதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, நீ பஸ் ஏறு!"

எதிர்வீட்டுத் தறி நின்றது. அடுத்த வீட்டுத் தறியும் நின்றது. எதிர்வீட்டு அண்ணி ஜன்னலில் தலையை விட்டு, "யாரும்மே வரா? இன்னா கத்தல்?" என்றார்.

முதலில் கேட்டவள் நான்தான். "எம் பொண்ணு வரா அண்ணி, போளூர்ல இருந்து!" என்றேன்.

"உம் பொண்ணு வர்றதுக்கு அவ ஏன் கத்தறா?"

"எனக்குத் தொண்ட கட்டிகினு கீது! பேச முடியல! அதான் அவள வுட்டுச் சொல்லச் சொன்னேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல நாள் வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் உன் மகள் வந்தாளா என்று கேட்டார்கள். நானும் வருவாள் வருவாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தப் பெண் வந்தது. நான் ஒன்றும் தெரியாதவள் போல வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பை. பையை அவள் அப்பா தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தங்கச்சி அவரிடம் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள், தெரியாது. அவர் முகத்தில் இருந்தும் எனக்கு ஒன்றும் படிக்கக் கிடைக்கவில்லை. "கல்லு கீது, கீழ பாத்து வா" என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் நின்று, "பெரீம்மா" என்றாள்.

காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். காலையில் என் தலைக்குள் பேசிய குரலை அந்த ஒரு வார்த்தையில் தேடினேன். இல்லை. மூக்கால் விடவும் இல்லை, கடைசியை இழுக்கவும் இல்லை. யாரோ கல்யாண வீட்டுக்கு வந்தவள் பேசுகிற மாதிரி பளிச்சென்று இருந்தது.

"வாடி. பஸ்சுல கூட்டமா?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"நின்னுகினுதான் வந்தேன் பெரீம்மா. அம்மா அனுப்பின வாய்ஸக் கேட்டியா? காதே போயிடுச்சி. அந்தக் கத்துக் கத்தறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் இரண்டு பேர் சிரிப்பும் ஒன்றாக முடியவில்லை. அவளுடையது முதலில் நின்றுவிட்டது.

"உள்ள போ. கை கால் கழுவு" என்றேன்.

அவள் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் செம்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. அவளுடைய அம்மா மெதுவாக ஏதோ கேட்டாள், அவள் அதைவிட மெதுவாக ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தையும் என் காதுக்கு எட்டவில்லை. நான் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.